விமான நிலையத்தில் நிறுத்தப்படும் பெயர்கள்: சோதனைகளையும் ஆவணங்களையும் விளங்கிக்கொள்வோம்

இன்று நமது ஊர்களில் விமானப் பயணத்தோடு தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. கட்டாரிலும் சவூதியிலும் உழைப்பவர்கள், உம்ராவுக்குப் போய் வருபவர்கள், மலேசியாவில் படிக்கும் பிள்ளைகள், சிகிச்சைக்காக சென்னைக்குச் செல்லும் நோயாளிகள், லண்டனில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காகப் புறப்படும் உம்மாமார் என்று எல்லா வீடுகளிலிருந்தும் யாரோ ஒருவர் கட்டுநாயக்கவுக்குப் போகின்றார். திரும்பி வந்தவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால், பலர் முதலில் சொல்வது விமான நிலையத்தில் பட்ட பாட்டைத்தான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள், அச்சாறுப் போத்தலைக் குப்பையில் போட்டார்கள், பெயரில் ஏதோ பிழை என்று ஒரு மணி நேரம் ஓரமாக நிற்க வைத்தார்கள் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கஷ்டங்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுவிடுவதுதான் நம்மிடையே உள்ள வழக்கம். ஆனால் அவற்றில் சில எல்லோருக்கும் பொதுவானவை. காரணம் தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம். சில நமது கடவுச்சீட்டின் மதிப்புக் குறைவினால் வருபவை. இன்னும் சில நமது வீட்டிலும் பாடசாலையிலும் பல ஆண்டுகளுக்கு முன்னரே விதைக்கப்பட்டவை. இந்த மூன்றாவது வகையை மட்டுமே நம்மால் முழுமையாகத் தவிர்க்க முடியும். அதனால் அதைப் பற்றியே இக்கட்டுரையில் கூடுதலாக எழுத விரும்புகின்றேன்.

ஒரே கட்டடம், நான்கு பொறுப்புகள்

விமான நிலையத்தில் நம்மை நிறுத்துபவர்கள் எல்லோரும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று பலர் நினைக்கின்றார்கள். உண்மையில் அங்கே நான்கு தரப்பினர் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றனர். போர்டிங் பாஸ் தரும் கவுண்டரில் இருப்பவர் விமான நிறுவனத்தின் ஆள். டிக்கட், கடவுச்சீட்டு, வீசா, பொதியின் நிறை ஆகியவற்றை அவர் பார்க்கின்றார். பாதுகாப்புப் பரிசோதனையில் இருப்பவர், விமானத்துக்குள் ஆபத்தான பொருள் போகக் கூடாது என்பதை மட்டுமே பார்க்கின்றார். உங்களிடம் வீசா இருக்கிறதா இல்லையா என்பது அவருடைய வேலையல்ல. குடிவரவு குடியகல்வு அதிகாரி, நீங்கள் யார், நாட்டைவிட்டுப் போகவும் நாட்டுக்குள் வரவும் உங்களுக்கு அனுமதி உண்டா என்பதைப் பார்க்கின்றார். சுங்க அதிகாரி, நீங்கள் என்ன பொருளைக் கொண்டு போகின்றீர்கள் அல்லது கொண்டு வருகின்றீர்கள் என்பதைப் பார்க்கின்றார். வேலைக்காகச் செல்பவர்களுக்கு இவற்றோடு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவும் சேர்ந்துகொள்கின்றது.

இதை அறிந்திருப்பதால் என்ன பயன்? யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரியும். விமான நிறுவனக் கவுண்டரில் "உங்கள் வீசா போதாது" என்று சொல்லப்பட்டால், அதைப் பற்றிப் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் கெஞ்சி நேரத்தைப் போக்குவதில் பயனில்லை. அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரை அழைக்குமாறு கேட்பதே சரியான வழி.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சம்பவம்

பாதுகாப்புச் சோதனைகள் யாரோ ஒருவர் ஓர் இரவில் யோசித்து எழுதியவை அல்ல. 1944ஆம் ஆண்டு சிக்காகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையில் பயணிகளைச் சோதிக்கும் எண்ணமே பெரிதாக இருக்கவில்லை. 1960களின் இறுதியில் விமானக் கடத்தல்கள் பெருகின. 1970 செப்டெம்பரில் ஜோர்தானின் பாலைவனத்தில் கடத்தப்பட்ட விமானங்கள் இறக்கப்பட்டு, பயணிகள் வெளியேற்றப்பட்ட பின் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டதை உலகமே பார்த்தது. 1973 ஜனவரியில் அமெரிக்கா எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது. 1974இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பாதுகாப்புக்கென்றே அந்த உடன்படிக்கையின் 17ஆவது இணைப்பை ஏற்றுக்கொண்டது.

1985 ஜூனில் எயார் இந்தியாவின் 182ஆம் இலக்க விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறி 329 பேர் பலியாகினர். குண்டு இருந்த பொதிக்கு உரியவர் விமானத்தில் ஏறவேயில்லை. 1988 டிசெம்பரில் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி நகரின் மேல் பான் ஆம் விமானம் வெடித்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் இறந்தனர். ஒரு பயணி ஏறாவிட்டால் அவருடைய பொதியைத் தேடி இறக்கிய பின்னரே விமானம் புறப்படுவது இதனால்தான். "ஒரு ஆளுக்காக எல்லோரையும் காக்க வைக்கிறார்களே" என்று விமானத்துக்குள் அமர்ந்து அலுத்துக்கொள்பவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நமது நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1986 மே 3ஆம் திகதி மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயார் லங்கா விமானம் கட்டுநாயக்கவில் தரையிலேயே குண்டு வெடித்து இரண்டாகப் பிளந்தது. 21 பேர் உயிரிழந்தனர். விமானம் தாமதமாகாமல் புறப்பட்டிருந்தால் குண்டு நடுவானில் வெடித்திருக்கும். 2001 ஜூலை 24ஆம் திகதி அதே விமான நிலையம் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது.

2001 டிசெம்பரில் ஒருவர் சப்பாத்துக்குள் வெடிமருந்தை மறைத்து அமெரிக்கா செல்லும் விமானத்தில் ஏறினார். சப்பாத்தைக் கழற்றும் வழக்கம் அதிலிருந்து வந்தது. 2006 ஓகஸ்டில், குடிபானப் போத்தல்களில் திரவ வெடிபொருளைக் கொண்டுசென்று பல விமானங்களைத் தகர்க்கும் திட்டமொன்றை பிரித்தானியப் பொலிஸார் முறியடித்தனர். 100 மில்லிலீற்றர் விதி அதன் விளைவு. 2009 டிசெம்பரில் ஒருவர் உள்ளாடைக்குள் வெடிபொருளைக் கொண்டு சென்றதைத் தொடர்ந்து உடலை ஸ்கேன் செய்யும் இயந்திரங்கள் பரவின.

விதிகள் வருவது போலவே போகவும் செய்கின்றன. அமெரிக்கா 2025 ஜூலையில், சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்ற பொது விதியைக் கைவிட்டது. புதிய வகை ஸ்கேனர்கள் பொருத்தப்பட்ட சில விமான நிலையங்களில் திரவ விதியும் தளர்ந்து வருகின்றது. ஆனால் நீங்கள் புறப்படும் இடத்தில் தளர்ந்திருந்தாலும் இடையில் மாறும் விமான நிலையத்தில் பழைய விதியே இருக்கலாம். ஆகவே பழைய விதிக்கு ஏற்பப் பொதி கட்டுவதே புத்தி.

கைப்பையில் எது, பெட்டியில் எது?

திரவம் என்றால் தண்ணீர் மட்டுமல்ல. அத்தர், தேன், நெய், அச்சாறு, ஜாம், பற்பசை, தைலம் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். போத்தலில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பது பொருட்டல்ல. போத்தலின் கொள்ளளவையே பார்ப்பார்கள். 200 மில்லிலீற்றர் போத்தலின் அடியில் கொஞ்சம் தைலம் இருந்தாலும் அது போக விடப்படாது. 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தல்களை ஒரு லீற்றர் கொள்ளும் ஒளிபுகும் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனையவற்றைப் பெரிய பெட்டியில் வையுங்கள். மருந்துக்கும் குழந்தையின் பாலுக்கும் விலக்கு உண்டு; ஆனால் வைத்தியரின் மருந்துச் சீட்டு கையில் இருக்க வேண்டும். ஸம்ஸம் நீரைத் துணிகளுக்கிடையில் போத்தலில் வைத்துக் கட்டுவதைத் தவிருங்கள். ஜித்தா, மதீனா விமான நிலையங்களில் முத்திரையிட்டு விற்கப்படும் 5 லீற்றர் கலனைப் பல விமான நிறுவனங்கள் தனியாக ஏற்றுக்கொள்கின்றன. டிக்கட் எடுக்கும்போதே இதைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

பவர் பேங்க் விடயத்தில் விதி நேர்மாறானது. அதைப் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் கொண்டு செல்ல வேண்டும். லித்தியம் பற்றரி தீப்பற்றினால் பயணிகள் இருக்கும் பகுதியில் உடனே கண்டு அணைக்கலாம். பொதிகள் இருக்கும் அடிப்பகுதியில் பறக்கும்போது யாரும் நெருங்க முடியாது. பொதுவான எல்லை 100 வாட் மணி. கணக்கு இலகுவானது: பவர் பேங்கில் எழுதியிருக்கும் மில்லி அம்பியர் மணியை 1000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள். 20,000 என்று எழுதியிருந்தால் 74 வாட் மணி. அது எல்லைக்குள் அடங்கும். எமிரேட்ஸ் போன்ற சில நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பாவிப்பதையும் தடை செய்துள்ளன.

ஹிஜாப் அணியும் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. உலோகம் கண்டறியும் வாயில் ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும், தலையை மூடியிருக்கும் துணியைக் கையால் தடவிப் பார்க்கக் கேட்கலாம். தலைப்பாகை, தொப்பி அணிந்தவர்களிடமும் இவ்வாறு கேட்கின்றார்கள். சோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும், மறைவான இடத்தில் சோதிக்க வேண்டும் என்றும் கேட்க உங்களுக்கு இடமுண்டு. கோபமோ பயமோ இல்லாமல் "பெண் உத்தியோகத்தர், தனி அறை" என்று இரண்டு வார்த்தையில் சொன்னால் போதும்.

கடதாசிகளின் கதை வேறு

பாதுகாப்புச் சோதனை அமைச்சருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆவணச் சோதனையில் சமத்துவம் கிடையாது. அங்கே பிறந்த நாடு பேசும்.

முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலேயே பயணம் செய்ய முடிந்தது. போர்க்காலத்தில் தற்காலிகமாக வந்த கட்டுப்பாடு பின்னர் போகவில்லை. 1920இல் பாரிஸில் கூடிய மாநாடு கடவுச்சீட்டுப் புத்தகத்துக்கு ஒரு பொது வடிவத்தைக் கொடுத்தது. அன்றிலிருந்து ஆவணங்கள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன.

விமான நிறுவன ஊழியர் ஏன் நமது வீசாவைத் துருவித் துருவிப் பார்க்கின்றார்? உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பி அழைத்து வருவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பல நாடுகளில் அபராதமும் உண்டு. பிரித்தானியா 1987இல் இதற்கென ஒரு சட்டத்தையே இயற்றி, ஒரு பயணிக்கு 1,000 பவுண் என அபராதம் விதித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் தஞ்சம் கோரி வந்திறங்கிய இலங்கைத் தமிழர் குழுவொன்றின் வருகையே அச்சட்டத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்தது. அதாவது எல்லைக் காவலனின் வேலையில் ஒரு பகுதி விமான நிறுவன ஊழியரின் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றது. அவர் 'டைமெட்டிக்' எனும் கணினித் தரவுத்தளத்தில் உங்கள் நாட்டையும் போகும் இடத்தையும் இட்டுப் பார்க்கின்றார். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று அது சொன்னால், 5 மாதமும் 20 நாளும் இருக்கின்றது என்று வாதாடி வெல்ல முடியாது.

மிகக் கவனிக்க வேண்டியது இடைமாற்றம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விமானம் மாறுவதற்காக விமான நிலையத்துக்குள்ளேயே சில மணி நேரம் இருப்பதற்குக்கூட வீசா கோரப்படும் 12 நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கின்றது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியான வீசா வைத்திருப்போருக்கு இதில் விலக்கு உண்டு. இது தெரியாமல் மலிவு டிக்கட் என்று பிராங்பேர்ட் வழியாகப் போக எடுத்துவிட்டு, கட்டுநாயக்கவிலேயே திருப்பி அனுப்பப்படும் நிலை எவருக்கும் வரக் கூடாது. ஷெங்கன் வீசாவுக்கு வயது வந்த ஒருவர் செலுத்தும் 90 யூரோ, வீசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. அதற்கு மேல் 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம், தொழில் கடிதம் என்று கடதாசிகள் சேர்கின்றன. அதே வேளையில் ஐரோப்பியர் ஒருவர் நமது நாட்டுக்கு வர இணையத்தில் சில நிமிடங்களில் விண்ணப்பித்துவிடலாம். இந்த ஏற்றத்தாழ்வு அநீதியானது. அதைத் தனிமனிதரால் மாற்ற முடியாது. இரு நாட்டு அரசாங்கங்கள் பேசித்தான் மாற்ற வேண்டும்.

தாளில் நிரப்பிய வருகை அட்டைகள் இப்போது தொலைபேசிக்குள் போய்விட்டன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் பயணத்துக்கு முந்திய 3 நாட்களுக்குள் இணையத்தில் விபரங்களை நிரப்பும்படி கேட்கின்றன. இந்த அரச இணையத்தளங்களில் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது இடைத்தரகருடையது என்று விளங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்மார்ட் போன் பாவிக்கத் தெரியாத முதியவருக்கு இது பழைய தாளைவிடப் பெரிய பாரம். நமது பிள்ளைகள் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் உம்மா வாப்பாவின் பயணம் நிம்மதியாக இருக்கும்.

39 இடங்களுக்குள் ஒரு பெயர்

உங்கள் கடவுச்சீட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். அம்புக்குறி போன்ற அடையாளங்களுடன் இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியின் முதல் 5 இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டின் குறியீட்டுக்கும் உரியவை. எஞ்சிய 39 இடங்களுக்குள் உங்கள் முழுப் பெயரும் அடங்க வேண்டும். குடும்பப் பெயர் முதலில், இரண்டு அம்புக்குறிகள், பிறகு ஏனைய பெயர்கள் என்பது ஒழுங்கு. இடைவெளிக்கும் ஓர் இடம் போகும்.

இந்த ஒழுங்கு குடும்பப் பெயர் ஒன்றும் தனிப்பெயர் ஒன்றும் உள்ள மேற்கத்தேயப் பெயர்களை மனதில் வைத்து அமைந்தது. நம்மவர்களின் பெயர்கள் அப்படியல்ல. தகப்பனின் பெயர், சில வேளை பாட்டனின் பெயர், அதற்குள் லெப்பை, மரிக்கார், மீராசாஹிபு, அதன் பின் முஹம்மது, கடைசியில் கூப்பிடும் பெயர் என்று நான்கைந்து சொற்கள் வரும். அன்றாட வாழ்வில் அவற்றை ஏ.எல்.எம்., எம்.ஐ.எம். என்று மூன்று எழுத்துகளாகச் சுருக்கிவிடுகின்றோம். விமான நிலையத்தில் அந்தச் சுருக்கம் செல்லாது. 39 இடங்களைத் தாண்டும் பெயர் அடிவரியில் வெட்டுப்படும். மேலே அச்சிட்ட பெயர் ஒன்றாகவும் இயந்திரம் வாசிக்கும் பெயர் இன்னொன்றாகவும் ஆகிவிடும்.

இன்னொரு நுட்பமும் இருக்கின்றது. இரண்டாவது வரியில் உள்ள கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. ஓர் இலக்கம் பிழையாகப் பதியப்பட்டால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். பெயருக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் 'யூ' போட்டு எழுதினாலும் 'ஓ' போட்டு எழுதினாலும், ஒரு 'எம்' போட்டாலும் இரண்டு 'எம்' போட்டாலும் கணினி இரண்டையும் இரண்டு வேறு மனிதர்களாகவே எடுத்துக்கொள்ளும்.

இது ஏன் முன்பைவிட இப்போது முக்கியமாகின்றது? விமானம் தரையிறங்குவதற்கு முன்னரே பயணிகளின் பெயர்ப் பட்டியல் போகும் நாட்டுக்கு அனுப்பப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2014இலும் 2017இலும் நிறைவேற்றிய தீர்மானங்கள் பயணிகளின் முன்கூட்டிய தகவலைக் கோருமாறு நாடுகளைப் பணித்தன. அப்பெயர்கள் கண்காணிப்புப் பட்டியல்களோடு ஒப்பிடப்படுகின்றன. பெயர் ஒற்றுமையால் மட்டும் நிறுத்தப்படுபவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியே தனது பெயரை ஒத்த ஒரு பெயர் பட்டியலில் இருந்ததால் பல தடவைகள் நிறுத்தப்பட்டதாக 2004இல் பகிரங்கமாகக் கூறினார். ஆனால் உலகில் மிக அதிகமானோர் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்றான முஹம்மதை நாம் வைத்திருக்கும்போது, ஒற்றுமைக்கான வாய்ப்பு நமக்குக் கூடுதல் என்பது வெளிப்படை. முழுப் பெயரும் பிறந்த திகதியும் சரியாகவும் ஒரே மாதிரியாகவும் இருந்தால், "அவர் வேறு, இவர் வேறு" என்று பிரித்தறிவது இலகுவாகும். அமெரிக்கா செல்லும்போது திரும்பத் திரும்ப நிறுத்தப்படுபவர்களுக்கு, முறைப்பாடு செய்து தீர்வு இலக்கம் ஒன்றைப் பெறும் ஏற்பாடு 2007 முதல் அந்நாட்டில் இருக்கின்றது.

ஐக்கிய அரபு இராச்சியம் 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, பார்வையாளர் வீசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு அது நேரடிப் பாதிப்பு.

பிழை எங்கே தொடங்குகின்றது?

பாடசாலையில்தான் தொடங்குகின்றது என்று ஓர் ஆசிரியராக என்னால் சொல்ல முடியும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும். முதலாம் தரத்தில் சேர்க்கும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை யாரோ ஒருவர் காதால் கேட்டு எழுதுவார். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு விதம், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் இன்னொரு விதம், உயர் தரத்தில் மூன்றாவது விதம். பிறகு கடவுச்சீட்டுக்காக மொழிபெயர்ப்பாளர் தன் வழக்கப்படி நான்காவது விதமாக எழுதுவார். ஒவ்வொன்றும் தனித்தனியே பிழையில்லைதான். ஆனால் நான்கும் ஒரே மேசையில் வைக்கப்படும் நாள் ஒன்று வரும்.

சில வருடங்களுக்கு முன் எனது பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். வளைகுடா நாடொன்றில் நல்ல வேலை கிடைத்திருந்தது. பட்டச் சான்றிதழை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். சான்றிதழில் உள்ள பெயருக்கும் கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கும் இரண்டு எழுத்து வித்தியாசம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அதிபரிடம் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி என்று அலைந்துகொண்டிருந்தார். நிறுவனம் கொடுத்த தவணை முடிந்து, வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அவருடைய திறமையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழுடன் வைத்துவிடுங்கள். பாடசாலை, கிளினிக் கொப்பி, வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எல்லாவற்றிலும் அந்தத் தாளைப் பார்த்தே எழுதுங்கள். பெயர் அழகாக இருக்கட்டும், 39 இடங்களுக்குள்ளும் அடங்கட்டும்.

இரண்டாவது, முரண்பாடு ஏற்கனவே இருந்தால் பயணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவையும், அடையாள அட்டையில் என்றால் கிராம உத்தியோகத்தரையும் நாடுங்கள். டிக்கட் கையில் இருக்கும்போது தொடங்கும் திருத்தம் பெரும்பாலும் உரிய காலத்தில் முடிவதில்லை.

மூன்றாவது, டிக்கட் எடுக்கும் முகவரிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தை அனுப்புங்கள். டிக்கட் கைக்கு வந்ததும் அடிவரியில் உள்ள பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை கண்ட அன்றே திருத்தக் கேட்டால் சில எழுத்துகளைப் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். பயண நாளில் கவுண்டரில் கண்டால் கட்டணமும் போகலாம், பயணமும் போகலாம்.

நான்காவது, கேள்வி கேட்கப்பட்டால் குறுகிய, உண்மையான பதில் சொல்லுங்கள். எங்கே தங்குவது, எப்போது திரும்புவது, செலவுக்கு யார் என்பவற்றுக்கான ஆதாரத்தை ஒரு கோவையில் தாளாகவே வைத்திருங்கள். தொலைபேசியின் சார்ஜ் இறங்கும் நேரம் யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது, சோதனைக்கும் அவமதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் நமது உடையும் பெயரும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. விதி ஒன்றின்படி எல்லோருக்கும் செய்யப்படும் சோதனைக்கு ஒத்துழைப்பது நமது கடமை. பெயரையோ உடையையோ வைத்து இழிவாக நடத்தப்பட்டால் அங்கே சத்தம் போட வேண்டாம்; திகதி, நேரம், விமான இலக்கம், கவுண்டர் இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எழுத்தில் முறையிடுங்கள். இலங்கை அதிகாரிகளின் நடத்தை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். அடிப்படை உரிமை மீறல் வழக்கு என்றால் உயர் நீதிமன்றத்தை ஒரு மாதத்துக்குள் நாட வேண்டும் என்று அரசியலமைப்பு கூறுகின்றது. வீட்டுக்கு வந்து முகநூலில் எழுதிவிட்டு விட்டால் அந்த ஒரு மாதம் வீணாகப் போய்விடும்.

இறுதியாக என் சக ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலாம் தர அனுமதியின்போது பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் பெற்றோரே எழுதிக் கையொப்பமிட ஒரு கட்டத்தைச் சேர்ப்போம். பரீட்சை விண்ணப்பங்கள் நிரப்பும் நாளில் அந்தக் கட்டத்தைப் பார்த்து எழுதுவோம். இதற்குச் சுற்றுநிருபமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இளைஞர் அமைப்புகளும் பயணம் போகும் முதியவர்களின் இணையப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம்.

உலகின் எல்லைகளை இலகுவாக்குவது நமது கையில் இல்லை. இன்று நம் வகுப்பறையில் இருக்கும் பிள்ளை பத்துப் பதினைந்து வருடங்களின் பின் ஒரு கவுண்டரின் முன்னால் நிற்கும்போது, அதன் ஆவணங்கள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அதை இந்த வருடமே செய்து முடிக்கலாம்.